போப்பையரின் முதுமைக் காலம்

முதுமையை வரவேற்றுப் பாடிய புலவர் நம் மொழியில் மிகச் சிலரே. தொடித்தலை விழுத்தண்டினார் என்னும் பழம்புலவர், கோலூன்றி நடக்கும் பருவத்தை அடைந்தபின், தாம் இளமையில் நீர்த்துறையிலே பாய்ந்து விளையாடிய நாட்களை நினைந்து இரங்கினார். நாலடியாரோ இளமை நிலையாமை என்று ஓர் அதிகாரத்தையே வகுத்து அச்சுறுத்துகின்றது. ஆண்டு பல சென்றும் நரை தோன்றாமைக்குக் காரணங் கூறி மகிழ்ந்தவர் பிசிராந்தையார் ஒருவரே எனலாம். ஆகவே முதுமை என்றவுடன் நரையும் திரையும், கூனும் கோலுமே நம் மனக்கண் முன் நிற்கின்றன. இருபது வயதையும் எட்டாத எமக்கு இப்பொருள் பற்றி எழுத என்ன உரிமை என்று ஆசிரியப் பெருமக்களும் பழைய மாணவர்களும் நகைத்தல் கூடும். ஆயினும் நாலடியாரை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர் அதனை வெளியிட்ட ஆண்டில் எழுபத்துமூன்று வயதினர் என்று அறிந்தபோது எமக்கு உண்டான வியப்புப் பெரிது. இளமை நில்லாது என்று அறையும் வெண்பாக்களை எழுபதைக் கடந்த ஒருவர், ஒருநாளும் சோர்வின்றிச் சொற்சொல்லாக ஆராய்ந்து கொண்டிருந்தார். அவ்வியப்பே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

ஜார்ஜ் யூக்ளோ போப் என்பது அவர் முழுப்பெயர். தமிழ் நாட்டார் போப்பையர் என்றே வழங்கினர். இலக்கண வினாவிடைகளை நெட்டுருச் செய்த பழைய தலைமுறை மாணவர்க்கு அப்பெயர் மதிப்போடு சிறிது அச்சத்தையும் தந்தது என்பர். கனடா நாட்டைச் சார்ந்த பிரின்ஸ் எட்வர்டு தீவிலே, 1820-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 24-ஆம் நாள் அவர் பிறந்தார். இளம் பருவத்திலேயே பெற்றோருடன் இங்கிலாந்து சேர்ந்து, வெஸ்லியன் சபையாரின் பள்ளிகளிற் கல்வி பயின்றார். தமிழிலே முதற் பாடம் கேட்டது 1837-ஆம் ஆண்டிலென்று அவரே குறித்துள்ளார். அப்போது அவருக்கு வயது பதினேழு. இவ்வாண்டைப் படிப்போர் நினைவில் வைத்துக் கொள்ள வேண்டுகிறோம்.

1839-இல் அவர் சென்னை வந்திறங்கினார். பின்னர் ஆங்கிலிக்கன் திருச்சபையைச் சார்ந்து, திருநெல்வேலிச் சீமையிலே தூத்துக்குடிக்கு அண்மையிலுள்ள சாயர்புரத்தில் 1842-இல் ஒரு கல்விச்சாலையை நிறுவினார். 1845-இல் அவருடைய முதல் மனைவியார் தூத்துக்குடியிலே காலஞ்சென்றனர். 1849-இல் ஹென்றியேட்டா அம்மையாரை மணந்தார். 1851 முதல் தஞ்சையிலே பணியாற்றினார். பிறகு நீலகிரிக்குச் சென்று, உதகமண்டலத்திலே ஒரு பள்ளியை நிறுவிப் பல ஆண்டுகள் நடத்தினார். 1864-இல் கான்டர்பரி அத்தியட்சர் அவருக்கு வேத சாஸ்திர பண்டிதர் என்னும் பட்டம் அளித்தார். இறுதியாகப் பெங்களூரில் பிஷப் காட்டன் பள்ளியின் தலைமை அவர் கைக்கு வந்தது.

இந்நாற்பதாண்டும் பெரும்பாலும் மனிதரை ஆளுவதிலே கழிந்த ஆண்டுகள். ஆளுந் திறமை அவர்க்கு இருந்தது. பொறுமை அவ்வளவாக இருந்ததில்லை. ஒழுங்கு, ஒழுங்கு என்பதே அவர் மூச்சு. பிரம்பு அவர் கையை விட்டு அகலாதென்று அக்காலத்தவர் பேசிக் கொண்டனர். உடன் ஊழியஞ் செய்தவர்களும் இதனைக் குறையாகவே கருதினர். தஞ்சையிலே சபையார்க்கும் அவர்க்கும் இடையே எழுந்த பூசல்கள் அவர் அவ்வூரை விட்டு நீங்குவதற்கு வழி செய்தன. மாணவராகிய எமக்குப் பிரம்பின் செய்தி இனிப்பதன்று. பெரியாரென்பதற்காக அதனை மறைத்தெழுதுவதும் முறையன்று. நடு வயதிற் கண்ட போப்பையரையும் முதுமையிற் கண்ட போப்பையரையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பார்க்கு, இருவரும் ஒருவர்தாமோ என்னும் ஐயம் எழும். அவ்வேறுபாட்டிற்காகவே இதனை எழுதினோம்.

உதகையிலும் பெங்களூரிலும் இருந்த ஆண்டுகளிலே தமிழ் அவருக்கு ஓய்வு நேரத்துக்கு உரியதாயிற்று. பகலெல்லாம் பள்ளி அலுவல்; கணக்கு, கட்டணம், விடுதி, வகுப்பு. இலக்கண நூல்களும் பாட நூல்களும் வெளிவந்தன வெனினும், பதினேழாம் வயதிலே தொட்ட அம்மொழியின் உயர்ந்த இலக்கியங்களுக்கு அவர் இன்னும் முழுக் கடன் செலுத்தவில்லை. குறளை ஆங்கிலச் செய்யுளாக்க வேண்டும் என்னும் எண்ணம் உள்ளத்தே கிடந்தது; அதற்கு வேண்டிய ஓய்வு கிட்டவில்லை.

அறுபதைக் கடந்தபின் அவர் இந்தியாவை விட்டு இங்கிலாந்து மீண்டார். பொதுவாகப் பாதிரிமாரின் சரித்திரங்கள் இவ்விடத்திலே முடிந்து விடும். உபகாரச் சம்பளம், ஒரு சிறு வீடு, கடற்கரைக் காற்று, பழைய ஊழியக் களத்தைப் பற்றி ஞாயிறுதோறும் சில நினைவுரைகள், அதன்பின் கல்லறை. போப்பையர் சரித்திரத்திலோ சிறந்த பகுதி இவ்விடத்திலேதான் தொடங்குகின்றது. அவர் புகழுக்கு இன்று காரணமாயுள்ள மூன்று பெருநூல்களில் ஒன்றேனும் அறுபது வயதுக்கு முன் வெளிவந்ததன்று.

1884-இல் ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையார் அவரைத் தமிழுக்கும் தெலுங்குக்கும் ஆசிரியராக நியமித்தனர். அப்போது அவர்க்கு வயது அறுபத்துநான்கு. இந்திய சிவில் சர்வீஸ் பரீட்சையிலே தேறிச் சென்னை மாகாணத்துக்கு வரவிருந்த இளைஞர்கள் அங்கே அவரிடம் அகரம் முதல் கற்றார்கள். சாயர்புரத்திலே தமிழ்ச் சிறுவர்க்குக் கிரேக்கமும் லத்தீனும் கற்பித்தவர், ஆக்ஸ்போர்டிலே ஆங்கில வாலிபர்க்கு ழகரமும் றகரமும் ஒலிக்கக் கற்பித்தார்! நாள்தோறும் இளைஞர் முகத்தைக் காண்பதும், அவர்கள் கேட்கும் எளிய வினாக்களுக்கு விடை கூறுவதும் முதியோர்க்கு எத்துணைப் பெரிய மருந்தென்பதை எம் கல்லூரியிலே நரைத்த தலையோடு வகுப்புக்கு விரைந்து வரும் ஆசிரியர் சிலரைக் கண்டு யாமும் ஒருவாறு உணர்ந்துள்ளோம்.

இரண்டாண்டு கழித்து, 1886-இல், திருக்குறள் மொழிபெயர்ப்பு லண்டன் நகரிலே வெளிவந்தது. 1330 குறளும் எதுகை பொருந்திய ஆங்கில அடிகளாயின. இம்மொழிபெயர்ப்பைப் பற்றி எம் கருத்தை ஒளியாது சொல்லி விடுகின்றோம். ஏழு சீரிலே வள்ளுவர் அடக்கியதை, எதுகை வேண்டி ஐயர் பலவிடங்களில் நீட்டி விட்டார். சில குறள்கள் அவர் கையிலே தம் கூர்மையை இழந்தன. மயிலாப்பூரிலே கிறிஸ்தவ போதனை வள்ளுவர் செவியில் வீழ்ந்திருக்கலாம் என்று அவர் முன்னுரையிலே கொண்ட ஊகத்துக்குத் தக்க சான்று இல்லை. கிறிஸ்தவராகிய யாமும் அதனை ஏற்றல் இயலாது. எனினும் குறள் முழுவதையும் ஆங்கிலஞ் செய்த அந்நூல் உலகத்தார் பலருக்கு வள்ளுவரை அறிமுகப்படுத்திய வாயில் ஆயிற்று. அவ்வாயிலைத் திறந்தவருக்கு அப்போது அறுபத்தாறு வயது.

1888-இல் ஆக்ஸ்போர்டிலுள்ள பேலியல் கல்லூரியின் ஆலய குருவாகவும் அவர் அமர்ந்தார். அக்கல்லூரியின் தலைவர் பெஞ்சமின் ஜோவெட் என்பார். கிரேக்க மொழியிலே பெரும்புலமை வாய்ந்தவர். பிளேட்டோவின் நூல்களை ஆங்கிலமாக்கியவர். அவர் போப்பையரினும் மூன்றாண்டு மூத்தவர். தம் பிளேட்டோ மொழிபெயர்ப்பைத் திருத்தி மூன்றாம் பதிப்பாக 1892-இல் வெளியிட்டபோது அவரும் எழுபத்தைந்து வயதினராயிருந்தார். ஆதலின் இனி யாம் கூறப்போகும் அறிவுரை, தாம் செய்யாததைப் பிறர்க்குச் சொல்லும் அறிவுரையன்று.

ஓர் இரவு ஆலயத்திலே வழிபாடு முடிந்தது. நிலவு எறித்துக் கொண்டிருந்தது. நாற்புறமும் கட்டடம் சூழ்ந்த கல்லூரி முற்றத்திலே முதியோர் இருவரும் உலாவினர். பேச்சு தமிழ்நாட்டுப் பழங்கதைகளைப் பற்றியும், செய்யுட்களைப் பற்றியும், தத்துவத்தைப் பற்றியும் சென்றது. பேசுபவர் போப்பையர்; கேட்பவர் ஜோவெட். இடையே பேச்சு சற்று நின்றது. ஜோவெட் தமக்கு இயல்பான விரைவோடு, இவையெல்லாம் அச்சேற வேண்டுமென்று வற்புறுத்தினார். அதற்குப் போப்பையர், நெடுங்காலம் பிடிக்கும் வேலையாயிற்றே, தமக்குச் சாவா வரம் ஒருவரும் எழுதிக் கொடுக்கவில்லையே என்று விடை பகர்ந்தார். அது கேட்டு ஜோவெட் நடையை நிறுத்தித் திரும்பினார். அவருடைய வெண்மயிரிலும் அருள் கனிந்த முகத்திலும் நிலவொளி வீழ்ந்தது. நண்பர் தோளிலே கையை வைத்து, நெடிது வாழ விரும்புவார்க்குப் பெரும்பணி ஒன்றை மேற்கொண்டிருத்தலே உபாயம் என்றும், அப்பணி நிறைவேறுங்காறும் ஆயுள் நிச்சயம் என்றும் அவர் கூறினார்.

இந்நிகழ்ச்சியைப் பின்னர் எழுதி வைத்தவர் போப்பையரே. அன்று அவர் இதனை நம்பவில்லை. முதியவர் ஒருவர் மற்றொரு முதியவர்க்குச் சொன்ன நயமொழியென்றே கொண்டார். ஆனால் களைத்துப் போன இரவுகளிலெல்லாம் அச்சொற்கள் அவர் செவியிலே திரும்பத் திரும்ப ஒலித்தன. உண்மையிலே அவை தீர்க்கதரிசனமாயின. சொன்னவர்க்கோ நாள் நெருங்கியிருந்தது. ஜோவெட் 1893-ஆம் ஆண்டு காலஞ்சென்றார். அவ்வாண்டிலேயே நாலடியார் நானூறும் ஆங்கில மொழிபெயர்ப்போடு கிளாரெண்டன் அச்சகத்திலிருந்து வெளிவந்தது.

அதன்பின் எஞ்சியது திருவாசகம். அதன் பெருமையைத் தமிழ்நாட்டார்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அதனை ஆங்கிலமாக்குவதில் உள்ள இடர்ப்பாட்டைச் சிறிது கூறலாம். குறளும் நாலடியாரும் அறங்கூறுவன. அறம் எம்மொழியிலும் பெரும்பாலும் அறமே. திருவாசகமோ உள்ளம் உருகிப் பாடியது. சிவநெறியின் தத்துவம் அறியாதவர்க்கு அதன் சொற்கள் பல திறவா. 51 பகுதிகளையும் மொழிபெயர்த்தலோடு ஐயர் அமையவில்லை. தமிழ் மூலத்தை அச்சிட்டார், மாணிக்கவாசகர் சரித்திரத்தை எழுதினார், சைவ சித்தாந்தத்தை ஆராய்ந்து குறிப்புக்கள் வரைந்தார், சொல்லகராதியும் சேர்த்தார். அருகிலே கேட்பதற்கு ஒரு தமிழ்ப் புலவரும் இல்லை. ஐயம் நேர்ந்தால், கடல் கடந்து செல்லும் கடிதமே துணை. விடை வருவதற்கு வாரங்கள் பல ஆகும். தமிழெழுத்தை அறியாத அச்சுக்கோப்பாளர் கோத்த பக்கங்களை எழுபதுக்கு மேற்பட்ட கண்கள் ஒப்பு நோக்கித் திருத்துவதென்றால், அவ்வேலையின் கடுமையை இம்மலரின் அச்சுப் பிழை திருத்தும் எம் தோழர்களைக் கேட்டால் ஒருவாறு விளங்கும்.

இவ்விடத்தில் எம்போன்ற கிறிஸ்தவ மாணவர் உள்ளத்திலே ஒரு கேள்வி எழாமற் போகாது. சுவிசேஷம் அறிவிக்க இருபது வயதிற்குள் கடல் கடந்து வந்தவர், எண்பதை நோக்கிச் செல்லும் வயதிலே சிவபெருமானைப் பாடிய நூலோடு இராப்பகலாய்ப் பழகியது யாங்ஙனம்? அவர் நம்பிக்கை தளர்ந்ததோ? அவர் வாழ்க்கையை அறிந்தவர் அவ்வாறு கூறார். பேலியல் ஆலயத்திலே ஜெபம் வாசித்துக் கொண்டே அவர் திருவாசகத்தையும் ஓதினார். மாணிக்கவாசகர் வரலாற்றிலே அப்போஸ்தலனாகிய பவுலின் சாயலையும் அசிசி நகரத்துப் பிரான்சிஸ் என்பாரின் சாயலையும் கண்டதாக எழுதினார். வேற்றுமையை வேற்றுமையென்றே குறித்தார். அதற்காக அன்பைக் குறைத்துக் கொள்ளவில்லை. தஞ்சையிலே சபையாரோடு வாதிட்ட அந்நாளைய போப்பையரால் இது செய்ய இயன்றிருக்குமா என்று எண்ணிப் பார்க்கின்றோம். இயன்றிராது என்பதே எம் துணிபு. மன்றிலே வெல்ல வேண்டியவன் பிறர் சொல்வதைச் செவிமடுத்துக் கேளான். வெல்ல வேண்டிய மன்று ஒன்றும் இல்லாத வயதிலே அவர் செவி திறந்தது. பிரம்பைக் கீழே வைத்த கையிலே எழுதுகோல் நன்றாக அமர்ந்தது.

1900-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் நாள், தம்முடைய எண்பதாம் பிறந்த நாளன்று, திருவாசகப் பதிப்பின் முன்னுரைக்கு அவர் நாளிட்டார். பழைய குறிப்புக்களைப் புரட்டித் தம் முதற் பாடம் 1837-இலே நிகழ்ந்ததென்று கண்டதும் அப்போதுதான். இடையே சென்றவை அறுபத்துமூன்று ஆண்டுகள். தமிழுக்கென்று செய்த ஊழியம் இத்துடன் முடிகின்றது போலும் என்று நெகிழ்ந்த உள்ளத்தோடு அவர் எழுதினார். பணி முடிந்தது, ஜோவெட்டின் வாக்குப்படி பார்த்தால் ஆயுளும் முடிய வேண்டும்.

முடியவில்லை. ஏனெனில், தமிழ்நாட்டிலே வேறொரு செயல் நிகழ்ந்து கொண்டிருந்தது. உ. வே. சாமிநாதையர் அவர்கள் ஏட்டிலே மறைந்து கிடந்த பழைய நூல்களை ஒன்றன்பின் ஒன்றாக அச்சேற்றி வந்தார்கள். புறநானூறு 1894-இலும், புறப்பொருள் வெண்பாமாலை 1895-இலும், மணிமேகலை 1898-இலும் வெளிவந்தன. போப்பையர் இளமையிலே தமிழ் கற்றபோது அச்சிற் கண்டிராத நூல்கள் இவை! எழுபதுக்கு மேற்பட்ட வயதிலே, தாம் அறிந்ததாக எண்ணியிருந்த மொழியின் அடியிலே இன்னொரு பெருநிலம் இருப்பதை அவர் கண்டார். சலித்துக் கொள்ளவில்லை, மீண்டும் மாணவரானார். புறநானூற்றுச் செய்யுட்கள் சிலவற்றையும் புறப்பொருள் வெண்பாமாலைப் பகுதிகளையும் ஆங்கிலமாக்கினார். அச்செய்யுட்கள் முன்னம் கற்ற நூல்களின் நடையின் வேறானவை. அவற்றின் துறையும் திணையும் தெரிதற்கே தனிப் பயிற்சி வேண்டும். ஹானர்ஸ் வகுப்பிலே பத்தொன்பது வயதில் புறநானூற்றோடு போராடும் யாம், அதே நூலோடு எண்பதை அணுகிய வயதில் போராடிய ஒருவரை நினைந்து சிறிது நாணமும் பெரிது ஊக்கமும் கொள்கின்றோம். சாமிநாதையரோடு அவர் கடிதப் போக்குவரவும் வைத்திருந்தார். ஆங்கிலேயர் ஒருவர் ஆக்ஸ்போர்டிலிருந்து தமிழிலே கடிதம் எழுதுவதும், அதனைத் தமிழ்ப் புலவர் ஒருவர் இந்நாட்டிலிருந்து பெற்று மகிழ்வதும் எத்துணை இனிய காட்சி!

அவர் இல்வாழ்க்கையும் முதுமையிலே நிறைவுடையதாகவே இருந்தது. ஹென்றியேட்டா அம்மையார் ஏறத்தாழ ஐம்பத்தெட்டு ஆண்டுகள் அவரோடு வாழ்ந்தார். சாயர்புரத்து நாட்களின் இறுதி முதல் ஆக்ஸ்போர்டு வரை இன்பதுன்பங்களிலெல்லாம் உடனிருந்தவர். தந்தையார் விட்டு வந்த கீழ்நாட்டிலே புதல்வர் சிலர் உத்தியோகம் பார்த்தனர்.

1906-ஆம் ஆண்டு, ராயல் ஏஷியாடிக் சங்கத்தார் தம்முடைய தங்கப் பதக்கத்தை அவருக்கு அளித்தனர். அப்போது அவர் எண்பத்தாறு வயதினர். பதக்கம் சிறப்புடையதே; ஆயினும் அவர் மகிழ்ச்சிக்கு அது காரணமென்று யாம் கருதவில்லை. பதக்கம் வருவதற்கு இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, ழகரம் கற்பிக்க அமர்ந்த அன்றே, அம்மகிழ்ச்சி தொடங்கி விட்டது.

1908-ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 11-ஆம் நாள் ஆக்ஸ்போர்டிலே போப்பையர் உயிர் நீத்தார். எண்பத்தெட்டாம் பிறந்த நாளுக்கு இன்னும் பத்து வாரங்கள் இருந்தன. அந்நகரத்திலுள்ள செபல்கர் கல்லறைத் தோட்டத்திலே அவரை அடக்கஞ் செய்தனர். மூன்றாண்டு கழித்து அம்மையாரும் அங்கேயே அடக்கமாயினர். பின்னாளிலே தமிழ்நாடு அவரை மறக்கவில்லை. 1962-இல் சாயர்புரத்திலே அவர் பெயரால் ஒரு கல்லூரி எழுந்தது. 1968-இல் இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது சென்னைக் கடற்கரையிலே அவர்க்குச் சிலை நிறுவப்பட்டது.

தம் கல்லறையிலே தம்மை ஒரு தமிழ் மாணவர் என்று பொறிக்குமாறு ஐயர் கேட்டுக் கொண்டாரென்று மேடைதோறும் பேசக் கேட்கின்றோம். கேட்க இனிய கதை. ஆனால் அக்கல்லிலே அவ்வாசகம் இல்லை. அதிலே பொறித்துள்ளவை அவர் பெயரும், பட்டமும், சர்வகலாசாலையிலே தமிழும் தெலுங்கும் கற்பித்தவரென்பதும், பேலியல் கல்லூரியின் குருவென்பதும், பிறந்த நாளும் இறந்த நாளுமே. அவற்றின் கீழே, அக்கல்லை நாட்டியவர் யாவரென்பதும் குறிக்கப்பட்டுள்ளது. அவர்கள் அவருடைய குடும்பத்தாரும், தென்னிந்தியாவிலிருந்த அவருடைய தமிழ் நண்பர்களும் ஆவர்.